காஃப்ரி சந்துக்கு எண் கிடைத்த விதம்

எங்கள் மாவட்டக் கவுன்சிலைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கெட்ட பெயர் வந்தால் அது அவர்கள் கையோடு கொண்டுவந்தது.

அயர்லாந்தின் மேற்கே, இரண்டு மாவட்டங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் எங்கள் வீடு. மலக்கி என்கிற நானும் தம்பி ஃபின்டனும் மட்டும்; டிவிலி வீடு என்றால் ஊருக்கே தெரியும். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பெரிய சாலையிலிருந்து எங்கள் வாசலுக்கு முக்கால் மைல் தூரம் ஒரு சந்து. காஃப்ரி சந்து என்று பெயர். காஃப்ரி யாரென்று எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் முள்வேலி, நடுவில் புல், பாதி வழியில் ஓர் ஓடை, ஓடை மேல் ஒரு சின்னப் பாலம்.

நவம்பர் மழையில் பாலம் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்த அடுத்த வாரம் ஃபின்டன் தொழுவத்து வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு கதவைக் கழற்றி, அதன் மேல் அவனைப் போட்டு, நாலு பேர் முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம்.

"டேய், கதவைத் திருப்பிக் கொண்டாந்துருங்கடா, ஆட்டுக்குட்டிக் கொட்டாய்க்கு அது வேணும்" என்று கத்திக்கொண்டே போனான். அவன் அப்படிப்பட்டவன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஜனவரியில் நர்ஸ் அம்மாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்க தம்பி தேறிட்டாரு. ஆனா ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம். திரும்ப விழுந்தா யாரு பொறுப்பு?"

"நான் டிராக்டர்ல கூட்டிட்டுப் போயிடறேன். ஓடைக்குள்ளேயே இறங்கி ஏறிடும்."

"டிராக்டர்லயா?"

"பின்னால பெட்டி இருக்கு. ஆடு ஏத்துறதுதான். கழுவிட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அவருக்குப் படுக்கை" என்றாள். "அதுக்குள்ள பாலம் வரலேன்னா முதியோர் இல்லத்துக்கு மாத்திடுவோம். இடம் கேட்டு வச்சாச்சு."

அந்த இல்லம் நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. ஃபின்டனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அங்க போனவன் எவன் திரும்பி வந்திருக்கான், சொல்லு? வரிசையா உட்கார வச்சு டிவியைப் போட்டு விட்டுருவானுங்க. அண்ணே, என்னை அங்க விட்டுறாதே."

அறுபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சரி என்றேன். ஒரு சின்னப் பாலம்தானே, அரசாங்கம் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். வயசானாலும் புத்தி வருவதில்லை.

கவுன்சிலுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

"சாலை எண் சொல்லுங்க."

"காஃப்ரி சந்தும்மா."

"அது பேரு, ஐயா. நான் கேட்டது எண்."

"எண்ணெல்லாம் தெரியாது. பால் நிலையம் இருந்த எடத்துல இடப்பக்கம் திரும்பினா–"

"எண்ணைப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க, ஐயா."

பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு சந்து முழுக்க ஒரு முறை போய் வந்தேன். முனையில் பலகை இல்லை. கம்பம் இல்லை. வேலியை விலக்கிப் பார்த்தேன். ஓடையில் கிடந்த பாலத்தின் கல்லைக்கூடப் புரட்டிப் பார்த்தேன். என்னிடம் எழுபது ஆடு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காதில் எண் இருக்கிறது, அரசாங்கம் போட்டது. ஓர் ஆடு பக்கத்துக்காரன் வயலுக்குள் போனால் அதன் காதைப் பிடித்துப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடலாம். சாலைக்குக் காது இல்லை.

திங்கட்கிழமை கவுன்சில் அலுவலகத்துக்கே போனேன். சாலைப் பிரிவில் ஹெஸ்லின் என்று ஒருவர். மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். முப்பத்தோரு வருஷமாகச் சாலைகளுக்கு எண் போடுவதுதான் அவருக்கு வேலை. என்னைப் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். யாரும் வந்து கேட்பதில்லை போலிருக்கிறது.

"உட்காருங்க, ஐயா. மொதல்ல முறையைத் தெரிஞ்சுக்கணும். எண் நீள நீளச் சாலை சின்னதாகும். ஒண்ணு ரெண்டு இலக்கம்னா தேசியச் சாலை. மூணு இலக்கம்னா வட்டாரச் சாலை. 'எல்'னு போட்டு நாலு இலக்கம் வந்தா உள்ளூர்ச் சாலை."

"அஞ்சு இலக்கம் வந்தா?"

"அஞ்சு வந்தா..." கண்ணாடியைத் துடைத்தார். "அஞ்சு வந்தா அப்படி ஒண்ணு இருக்குன்னு நாங்க கேள்விப்பட்டிருக்கோம்னு அர்த்தம்."

எங்கள் சந்துக்கு ஐந்துதான். எல்-50734. அலமாரியிலிருந்து பெரிய பதிவேட்டை இறக்கி, ஒரு விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி, பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். முதல் நாலு இலக்கமும் தாய்ச் சாலையுடையதாம். கடைசி இலக்கம் எத்தனையாவது பிள்ளை என்று காட்டுமாம். நாங்கள் 5073-க்கு நாலாவது பிள்ளை. அறுபத்தெட்டு வருஷமாக என் தம்பிக்கும் எழுபத்தொரு வருஷமாக எனக்கும் தெரியாத சொந்தம்.

"இதை ஒரு பலகையில எழுதிச் சந்து முனையில நட்டு வச்சா என்ன?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, நல்லா யோசிச்சுப் பாருங்க. பலகை வச்சா எல்லாருக்கும் எண் தெரிஞ்சுரும். தெரிஞ்சா எல்லாரும் போன் பண்ணுவாங்க. இப்ப நாளைக்கு முப்பது பேர் கூப்பிடறாங்க. அதுல இருபத்தொன்பது பேருக்கு எண் தெரியாது. அவங்களை மனசு நோகாம அனுப்பிடறோம். எண்ணோட வேலையே அதுதானே?"

"முப்பதாவது ஆளு?"

"அவரு பெரும்பாலும் நம்ம பழைய ஊழியரா இருப்பாரு."

நான் முப்பதாவது ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். எண் கையில் இருக்கிறதே. பாலத்தை எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்-50734க்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: தொடக்கம், பால் நிலையம். முடிவு, மிஸ் நாலியின் வீடு.

பால் நிலையத்தை இடித்து நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது அங்கே முள்ளும் தட்டுமுட்டுச் சாமான்களும்தான். மிஸ் நாலியின் வீட்டுக் கூரை நான் சின்னப்பையனாக இருக்கும்போதே விழுந்துவிட்டது. அதனால் என்ன? எங்கள் பக்கத்தில் வழி சொல்வதே அப்படித்தான். இல்லாத பால் நிலையத்தில் இடப்பக்கம், வெட்டிய மரத்துக்கு வலப்பக்கம், செத்த கொல்லன் பட்டறையைத் தாண்டி நேரே. யாரும் வழி தப்பியதில்லை.

"நீங்க திரும்பிடுவீங்க, ஐயா. கவுன்சில் திரும்ப முடியாது" என்றார் ஹெஸ்லின். "தொடக்கம் இல்லாத சாலையை நாங்க எங்கேருந்து பழுது பார்க்க ஆரம்பிக்கிறது?"

"பாலம் விழுந்த எடத்துலேருந்து."

"அது நடுவுல இருக்கே. நடுவுல ஆரம்பிக்க விதியில்ல."

ஆனாலும் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். புதன்கிழமை காலை அந்தப் பொறியாளர் பெண்ணே எனக்குப் போன் செய்தாள்.

"உங்க சாலையில நின்னுக்கிட்டிருக்கேன், அங்கிள். ரொம்ப அருமையா இருக்கே! புதுத் தார். பாலமெல்லாம் கெட்டியா இருக்கு."

நான் சன்னலைத் திறந்து பார்த்தேன். சந்தில் ஒரு காகம் இருந்தது.

"எந்தச் சாலையிலம்மா நிக்கிற?"

"எல்-50734. போன்ல எண்ணைப் போட்டேன், நேரா கொண்டுவந்து விட்டுருச்சு."

விசாரித்ததில், அவள் மலைக்கு அந்தப் பக்கம் பதினெட்டு மைல் தள்ளி, பக்கத்து மாவட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு மாவட்டமும் தன் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளுமாம். அங்கேயும் ஒரு எல்-50734 இருக்கிறது. அங்கே யாரோ ஒரு கொடுத்துவைத்தவன் இருக்கிறான்.

"அது எங்க சந்து இல்லம்மா."

"எண் அதேதானே, அங்கிள்?"

"எண் அதே. சந்து வேற."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குக் கொடுத்த தாள்ல எண் மட்டும்தான் இருக்கு" என்றாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. அந்த எண்ணுள்ள சாலையைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். மிக நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கொடுத்தாள். கோப்பை மூடிவிட்டார்கள்.

இதற்குள் மாசம் பாதி போய்விட்டது. ஃபின்டன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க ஆரம்பித்திருந்தான். போகும்போதெல்லாம் பாலம் என்னாச்சு என்று கேட்பதை நிறுத்திவிட்டு ஆடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அதுதான் என்னை அறுத்தது.

வேறு வழியில்லாமல் கவுன்சிலர் ரட்டிகனைப் பார்க்கப் போனேன். சனிக்கிழமைகளில் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து மக்கள் குறை கேட்பார். அவர் கேட்காத குறை இந்த வட்டாரத்தில் கிடையாது. தீர்த்த குறை ஒன்றுகூட எனக்குத் தெரிந்து கிடையாது. பெரிய கை, பெரிய குரல். எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் பாதிரியாருக்கு முன்னால் ரட்டிகன் வந்திருப்பார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோர் கையையும் குலுக்குவார். வெளியூர்க்காரர்கள் அவர்தான் செத்தவருக்கு அண்ணன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் ஐந்து தேர்தல் ஜெயித்தார்.

"மலக்கி, இந்த விஷயத்தை என் கையில விட்டுருங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. 'தங்களுக்காக நான் கடுமையாக வற்புறுத்தியதன் பலனாக, எல்-50734 மிக நல்ல நிலையில் உள்ளது என்பதைக் கவுன்சில் உறுதி செய்திருக்கிறது. தங்கள் மகிழ்ச்சியில் நானும் பங்குகொள்கிறேன்.'

அது கடைசி வாரத்துத் திங்கட்கிழமை. மறுநாள் நர்ஸ் அம்மாள் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும், ஐந்து மணிக்குப் போய்ச் சேரும். வீட்டுக்கா இல்லத்துக்கா என்று மட்டும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் ரட்டிகனுக்கே போன் போட்டேன். எண், தொடக்கம், முடிவு ஒன்றும் பேசவில்லை.

"ஃபின்டன் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றான். எனக்குப் பாலம் வேணும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, அவரிடம் நான் கேட்டிராத மெல்லிய குரலில், "ஐயோ, மலக்கி" என்றார். "ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"பத்து வாரமாக் கஷ்டம்தான். இப்ப வலி ஒண்ணும் இல்ல."

"அதுவே பெரிய விஷயம். நல்ல மனுஷன். உங்க துயரத்துக்கு வருந்துறேன், மலக்கி. பாலத்தை என்கிட்ட விட்டுருங்க. பெட்டி... ஃபின்டன் தண்ணியில நனையாம வருவாரு."

ஒரு கவுன்சிலர் எதற்காகவும் வருந்தி நான் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்தில் வேறெதையும் நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருவன் இன்ன கிழமை இத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான் என்று நேரத்தோடு சொன்னால், எங்கள் பக்கத்தில் அது பெட்டியைத்தான் குறிக்கும். உயிரோடு வருகிறவனுக்கு யார் நேரம் சொல்வார்கள்?

புதன்கிழமை காலை ஏழரைக்குச் சந்து முழுக்க லாரி. இரண்டு பெரிய சிமெண்டுக் குழாய்கள், கிரேன், ஜல்லி, பதினோரு ஆட்கள். நான் வேலியோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மேஸ்திரி இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல மனுஷன்" என்றார்.

"யாரு?"

"உங்க தம்பி."

"அவனைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. நல்ல மனுஷன்." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "துயரத்துக்கு வருந்துறேன், பெரியவரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதல் குழாய் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் லேசாக ஆடியபடி ஓடைக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. முதல் தடவையாகக் கவுன்சில் நான் சொன்னதை நம்பியிருக்கிறது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ஒன்று மட்டும் கேட்டேன். "எந்த எண் சாலைன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

மேஸ்திரி சிரித்தார். "சாவுக்கு எண் எதுக்கு? டிவிலி வீட்டுச் சாவுன்னு கேட்டோம், வழியில ஒரு பொம்பளை கொண்டுவந்தே விட்டுட்டா."

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பாலம் நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் முக்கால் மைலுக்கும் தார் போட்டுவிட்டார்கள். நடுவில் இருந்த புல்லை எடுத்துவிட்டார்கள். எனக்கு முன்னாலேயே பிறந்த புல் அது. போய்த் தொலையட்டும். நான் நர்ஸ் அம்மாளுக்குப் போன் செய்து, வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்றேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. ரேடியோவில் சாவு அறிவிப்பு வாசிக்கும்போது எங்கள் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அதில் ஃபின்டன் பெயர் வரவில்லை. ஆனால் ரட்டிகன் சொன்னார் என்று சொன்னார்கள், போதும். மலக்கி அறிவிப்புக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் விட்டுவிட்டான் என்று இரண்டு பேர் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொண்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் என் கீழ்வயலில் கார்களை வரிசையாக நிறுத்தினான். பெண்கள் சமையலறையைப் பிடித்துக்கொண்டார்கள். மாதா கோயில் கூடத்திலிருந்து பெரிய டீ கொதிகலன் வந்தது. ஹாம் சாண்ட்விச் மலையாகக் குவிந்தது. நான் பத்துப் பேரிடமாவது, "அவன் உயிரோட இருக்கான்" என்று சொன்னேன். பத்துப் பேரும் என் தோளைத் தட்டி, "அப்படித்தான் இருக்கும், மலக்கி. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் தோணும்" என்றார்கள்.

ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. சவவண்டி இல்லையே என்று முணுமுணுப்பு. ரட்டிகன் கறுப்புக் கோட்டில் முன்வரிசையில் நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்கதவு திறந்தது. சக்கர நாற்காலியில், தொப்பியும் மடியில் ஒரு பை ஆரஞ்சுமாக ஃபின்டன்.

இருநூறு பேர். எங்கோ ஓர் ஆடு மட்டும் கத்தியது.

"உங்க துயரத்துக்கு..." என்று பாதியில் நின்றிருந்தார் ரட்டிகன். அவர் கை இன்னும் என் கையைக் குலுக்கிக்கொண்டுதான் இருந்தது. அது யாரும் சொல்லாமலே தானாக ஆடும் கை.

ஃபின்டன் எல்லோரையும் பார்த்தான். தாரைப் பார்த்தான். "என்ன துயரம்? நான் திரும்பி வந்ததா?" என்றான்.

பாதிரியார்தான் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். கொண்டுவந்த சாண்ட்விச்சைத் திருப்பி எடுத்துப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஃபின்டன் மூன்று தட்டுச் சாப்பிட்டான். தன் சாவுச் சாப்பாட்டை நல்ல பசியோடு சாப்பிட்ட ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும். ரட்டிகன் மட்டும் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் புதுத் தாரின் மேல் ஒரு கார் மெல்ல வந்து நின்றது. ஹெஸ்லின். எங்கள் வாசலுக்கு வந்த முதல் அதிகாரி. சமையலறை மேஜையில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். எதிரே ஃபின்டன் முட்டை தின்றுகொண்டிருந்தான். ஹெஸ்லின் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஐயா, நீங்க பொய் சொல்லல. கவுன்சிலும் தப்புப் பண்ணல. சிக்கல் என்னன்னா, உங்க தம்பி."

"என்ன பண்ணான்?"

"உயிரோட இருக்காரு." கண்ணாடியைத் துடைத்தார். "எண் பார்க்காம அவசர வேலை செய்ய மூணே மூணு காரணம்தான் விதியில இருக்கு. வெள்ளம், பனி, சவ ஊர்வலம். வெள்ளம்னு எழுத முடியாது, இந்தச் சாலை நல்ல நிலையில இருக்குன்னு பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்காங்க. பனி இந்த வருஷம் பெய்யல. சவ ஊர்வலம்னுதான் எழுதியிருக்கோம். சவம் இல்லேன்னா வேலை செல்லாது. செல்லாத வேலையைப் பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துரணும்."

"பழைய நிலைமைன்னா?"

"பாலத்தை எடுத்து ஓடைக்குள்ள போடணும்."

ஃபின்டன் கரண்டியை வைத்தான். "அதுக்கு ஆள் இருக்கா உங்ககிட்ட?"

ஹெஸ்லின் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "இடிக்கிறதுக்கு எப்பவும் ஆள் இருக்காங்க, ஐயா. ஆனா எனக்கும் அதுல இஷ்டமில்ல. அதான் நானே வந்தேன்." ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்துத் தடவிச் சமப்படுத்தினார். "இதுல கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் விரல் வைத்துப் படித்தேன். 'இச்சாலையில் வசித்துவந்த திரு. ஃபின்டன் டிவிலி காலமானார் என்பதை, இச்சாலையில் தற்போது வசிக்கும் இருவராகிய நாங்கள் உறுதி கூறுகிறோம்.'

"இந்தச் சந்துல மொத்தமே நாங்க ரெண்டு பேருதானே இருக்கோம்" என்றேன்.

"ஆமா. ரெண்டு கையெழுத்துதானே கேக்குது?" அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

"அப்ப என் பென்ஷன்?" என்றான் ஃபின்டன்.

"அது வேற இலாகா. அவங்களும் நாங்களும் பேசிக்கிறது கிடையாது" என்று ஹெஸ்லின் என்னிடம் சொன்னார். "எங்ககிட்ட இருக்கிறது சாலைப் பதிவேடும் வாக்காளர் பட்டியலும்தான். பட்டியல்லேருந்து பேரை எடுத்துருவோம். மத்தபடி அவரு எப்பவும்போல இருந்துக்கலாம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு தாளில் தம்பியைச் சாகடித்துக் கையெழுத்துப் போடுவதா? வேண்டாம், எழுந்து போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஃபின்டன் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் சந்து ஓடை வரைக்கும் கறுப்பாக, வழவழப்பாகத் தெரியும். தினமும் காலையில் நடைச்சட்டத்தோடு பாலம் வரை போய் வருவான். டாக்டர் சொன்னது அது.

"கரடு முரடு இல்லாத எடம்னா எனக்கு இது ஒண்ணுதாண்ணே" என்றான். "பேனாவைக் கொடு."

என்னைவிட அவன் கையெழுத்து அழகு. முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடு போட்டான். பிறகு நான் போட்டேன். ஹெஸ்லின் தாளை ஊதி உலர்த்தினார். அதோடு விடவில்லை, பதிவேட்டையும் காரிலிருந்து எடுத்து வந்திருந்தார். எங்கள் கண்ணெதிரே எல்-50734க்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: தொடக்கம், மறைந்த ஃபின்டன் டிவிலியின் வீடு. முடிவு, பால் நிலையம்.

"இப்பப் பாருங்க, ஆரம்பிக்க ஓர் எடம் கிடைச்சுருச்சு, பதிவேட்டுக்கும் பொருந்திருச்சு" என்றார். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் முகம் அப்படி மலர்ந்து யாராவது பார்த்திருப்பார்களா தெரியாது. புறப்படும்போது வாசலில் நின்று, இந்தத் தடவை ஃபின்டனையே பார்த்து, தலையை மரியாதையாகக் குனிந்தார்.

மே மாதம் தேர்தல். ரட்டிகன் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வாசலுக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் நல்ல தார் எங்கே போகிறதோ அங்கே காரும் போகும். கையில் வாக்காளர் பட்டியலோடு கதவைத் தட்டினார். ஃபின்டன்தான் திறந்தான்.

"என்ன, கவுன்சிலரே, சுகமா?"

ரட்டிகன் அவனைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். அதில் எங்கள் வீட்டுக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அது என்னுடையது. மறுபடியும் அவனைப் பார்த்தார்.

"எனக்கு ஓட்டு இல்லையே" என்றான் ஃபின்டன், கதவில் சாய்ந்துகொண்டு. "நான் செத்து மூணு மாசமாச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க வந்திருந்தீங்களே."

ரட்டிகன் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் அந்தக் கை தானாகவே எழுந்து, ஃபின்டனைத் தாண்டி, உள்ளே நின்ற என்னை நோக்கி நீண்டது.

"உங்க துயரத்துக்கு வருந்துறேன், மலக்கி" என்றார்.

கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். பாலத்தின் மேல் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் போனார். கார் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஃபின்டன் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நான் உயிரோட இருந்தப்ப இந்த வாசல் வரைக்கும் ஒரு கார் வந்ததில்ல" என்றான்.